இடப்பக்கத்து வெள்ளை

மாங்கேணி
04.11.2024

லில்லியனுக்கு,

உன் இலக்கத்தைத் தொலைபேசியில் தடுத்து வைத்திருக்கிறேன். நேற்று நாம் இரண்டு பேரும் கத்திய கத்தலில் நான் சொல்ல வந்தது பாதிதான் வெளியே வந்தது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

யோகமலரின் படம் இந்த நொவெம்பர் பிறந்ததிலிருந்து பலகையை விட்டுக் கழன்று வருகிறது. வர்ணம் மட்டும் கழன்றால் நான் உன்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன். நீ பூசி அனுப்பிய வெள்ளை அடிப்பூச்சோடு சேர்த்து, மீன் செதிலைப் போல நிமிர்ந்து நிற்கிறது. இடது கன்னத்திலும் நெற்றியோரத்திலும் மோசம். கிட்டப் போய் மூச்சு விட்டால் ஆடுகிறது.

இது யாருடைய படம் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் மறுபடி சொல்கிறேன், நேற்று நீ "ஒரு படம்தானே" என்று சொன்னபடியால். இங்கே மீனவர் சங்க மண்டபத்தில், இருபது வருடத்துக்கு முன் கடல் ஊருக்குள் வந்த அன்று போன முப்பத்தொரு பேருக்கும் சட்டம் மாட்டியிருக்கிறார்கள். முப்பது சட்டங்களுக்குள் புகைப்படம் இருக்கிறது. ஒன்றுக்குள் பெயர் எழுதிய கடதாசி மட்டை மட்டும். அன்னப்பூரணியம்மாவின் வீடு முழுதாகப் போனது. பத்தொன்பது வயது மகள் யோகமலரின் அடையாள அட்டைகூட அவளோடு போய்விட்டது. இத்தனை வருடமாக அந்த அம்மா டிசெம்பர் இருபத்தாறாம் திகதி காலையில் ஒரு மட்டைக்கு விளக்கு வைக்கிறா.

ஆடி, ஆவணி இரண்டு மாதமும் என் பக்கத்தில் இருந்து மூக்கு, புருவம், பல் வரிசை என்று அவ சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். இந்த மார்கழியில் மட்டைக்குப் பதில் படம் மாட்டுவதாகச் சங்கத்துக்குச் சொல்லியாகிவிட்டது.

பன்னிரண்டு வருடமாக உன் பலகைகளில்தான் வரைகிறேன். ஒன்றுகூட இப்படிச் செய்யவில்லை. இந்தப் பலகைக்கு நீ என்ன பூசினாய்? கடையில் பால்மா வாங்கிக் கரைத்தாயா? உள்ளதைச் சொல்.

தனுஷா

•

மட்டக்களப்பு
08.11.2024

தனுஷாவுக்கு,

படம் கழன்றால் பலகை செய்தவளைப் பிடிப்பது வழக்கம்தான். பிடி.

நான் பூசுவது எப்படி என்று நீ பார்த்திருக்கிறாய். கிரானிலிருந்து வல்லிபுரம் அண்ணன் கொண்டுவரும் பசுப்பால். காய்ச்சி ஆடை எடுத்து, மறுபடி ஆடை எடுத்து, வினாகிரி விட்டுத் திரைய வைத்து, துணியில் வடித்து, புளிப்பு மணம் போகும்வரை கழுவுவேன். அதில் நீற்றின சுண்ணாம்பைப் போட்டுக் கிளறினால் பசையாகும். பிறகு சோக்குத் தூள். ஆறு பூச்சு, ஒன்றுக்குக் குறுக்கே மற்றது. பலகை வளையாமல் இருக்கப் பின்பக்கமும் பூசுவேன். பால்மா என் பட்டறைக்குள் தேத்தண்ணிக்கு மட்டும்தான் வரும்.

இப்போது நான் கேட்கிறேன். பலகை கையில் கிடைத்த பிறகு மூன்று கிழமை காயவிடச் சொன்னேன். எத்தனை நாள் விட்டாய்? சுண்ணாம்பும் பாலும் இறுகுவதற்கு நாள் வேண்டும், அது உன் அவசரத்தைப் பார்க்காது. கடலிலிருந்து நூறு அடியில் இருக்கிறது உன் வீடு. யன்னலைத் திறந்து வைத்துத்தான் வரைவாய். மாரி தொடங்கிவிட்டது. ஈரத்துணியால் துடைக்கும் பழக்கமும் உனக்கு உண்டு.

"ஒரு படம்தானே" என்று சொன்னது பிழை. அதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

லில்லியன்

•

மாங்கேணி
12.11.2024

லில்லியனுக்கு,

ஒன்பது நாள் விட்டேன். அது என் பிழை. ஆனால் போன வருடம் வாகரைப் பாடசாலைக்குச் செய்த பலகையில் நாலாம் நாளே வரைந்தேன். அது இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கிறது.

கடித உறைக்குள் தாளில் மடித்து ஒரு துண்டு வைத்திருக்கிறேன். திறக்கும்போது கவனம். அது யோகமலரின் காதுக்குக் கீழே இருந்த இடம். நேற்று நிலத்தில் கிடந்தது. பின்பக்கத்தை ஈர விரலால் தேய்த்துப் பார். நான் பார்த்தேன். விரலெல்லாம் வெள்ளை. பிசுபிசுவென்று, சவர்க்காரம் தொட்டதுபோல இருந்தது. உன்னுடைய பூச்சு ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. நீ படித்தவள், மிச்சத்தை நீயே சொல்.

நான் ஏன் பதறுகிறேன் என்று உனக்கு விளங்கவில்லை. மறுபடி வரையலாமே என்று நினைப்பாய். படம் முடிந்த அன்று அன்னப்பூரணியம்மா என்ன சொன்னா தெரியுமா?

"இனி என்னட்ட ஒண்ணும் கேளாத புள்ள. உள்ளுக்க கிடந்ததெல்லாம் உனக்குச் சொல்லிப்போட்டன். இப்ப கண்ண மூடினா நீ கீறினதுதான் வருகுது."

அதாவது அவவிடமும் இப்போது வேறு பிரதி கிடையாது. இந்தப் பலகையில் இருப்பதுதான் மிச்சம்.

அவவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை. நான் வரைந்த நாட்களில் மூக்குப் பலகையில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்துப் பார்த்துத்தான் பிழை சொன்னா. இப்போது அந்த அளவும் தெரியவில்லை. அதனால் படம் கழலுவது அவவுக்குத் தெரியாது. வாரத்துக்கு இரண்டு தரம் வந்து படத்துக்கு எதிரே கதிரையில் இருந்துவிட்டுப் போறா. வலது கண்ணுக்கு டிசெம்பர் பதினோராம் திகதி சத்திரசிகிச்சை. மறுநாள் கட்டு அவிழ்ப்பார்கள். அவிழ்த்ததும் நேரே என் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறா.

எனக்கு இருப்பது ஒரு மாதம். என்ன பூசினாய் என்று தெரியாமல் நான் எதைக் கொண்டு ஒட்டுவது?

தனுஷா

•

மட்டக்களப்பு
19.11.2024

தனுஷா,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் தொடங்கினேன்.

துண்டு வந்தது. விரலால் தேய்க்க வேண்டியிருக்கவில்லை. முகர்ந்து பார்த்தேன், தெரிந்துவிட்டது.

ஆனி மாதக் கடைசியில் வல்லிபுரம் அண்ணன் மாடுகளைத் தூரத்து மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோயிருந்தார். மூன்று நாள் பால் வரவில்லை. நீ ஒவ்வொரு நாளும் கூப்பிட்டாய். உன் பாடசாலை விடுமுறைக்குள் வரைந்து முடிக்க வேண்டும், அம்மாவின் பார்வை குறைந்துகொண்டு போகிறது என்றாய். கடைசி நாள் நீ என் மேல் கத்தினாய். நான் தெருவுக்குப் போய் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கினேன். அதைக் கழுவிச் சுண்ணாம்பு போட்டேன். எருமைத் தயிரில் கொழுப்பு எவ்வளவு என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தால் பசை வராது, சவர்க்காரம்தான் வரும். அதுவும் எனக்குத் தெரியும்.

பார்வைக்கு நல்ல வெள்ளையாக இருந்தது. அனுப்பும் நாளில் மூலையில் ஈர விரலால் தேய்த்துப் பார்த்தேன். விரலில் வந்தது. அப்படி வந்தால் சுரண்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து பூச வேண்டும். நான் கையைத் துடைத்துவிட்டுக் கடதாசி சுற்றி பஸ்ஸில் ஏற்றினேன்.

உன் அவசரத்தின் மேல் போடலாம் என்றுதான் போன கடிதத்தில் பார்த்தேன். அது முழு உண்மையல்ல. யாருக்காக அந்தப் பலகை என்று நீ சொன்ன நாளிலிருந்து அதோடு ஒரே அறையில் இருக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் தெருவில் அன்று எத்தனை வீடு போனது என்று உனக்குத் தெரியும். பிரட்லியைப் பற்றி நீ ஒருநாளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் தம்பி போன அதே காலையில் போன ஒரு பெண்ணுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைவு தூரிகை பிடிக்கும்போதெல்லாம் வந்தது. அந்தப் பலகை வீட்டை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

பிழை என் மேல். இதைப் படித்துவிட்டு நீ எழுதாமல் விட்டாலும் எனக்கு விளங்கும்.

லில்லியன்

•

மாங்கேணி
23.11.2024

லில்லியன்,

தெரிந்தே அனுப்பினாய். பால் இல்லை, இன்னும் பத்து நாள் ஆகும் என்று ஒரு வார்த்தை. நான் கத்தியிருப்பேன். கத்திவிட்டுக் காத்திருந்திருப்பேன்.

உன் கடிதம் வந்த அன்று அன்னப்பூரணியம்மா கதிரையில் இருந்தா. நான் வாசித்துக்கொண்டிருந்தபோது, "ஆரு புள்ள எழுதினது, முகம் ஏன் இப்பிடிப் போகுது?" என்றா. கண் தெரியாதவவுக்கு என் முகம் தெரிகிறது. பலகை செய்த சிநேகிதி என்றேன். "நல்ல புள்ளையா இருக்கும். வாழ்த்தினன் எண்டு எழுது" என்றா. எழுதிவிட்டேன்.

பிரட்லியைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் கேட்காமல் விட்டது நீ கதைக்க விரும்பவில்லை என்று நினைத்து. வேண்டுமானால் அவரையும் வரைகிறேன்.

இப்போதைக்கு ஒன்று மட்டும் எழுது. கழன்றதை எப்படித் திரும்ப ஒட்டுவது? வேறு எதையும் எழுதாதே.

தனுஷா

•

மட்டக்களப்பு
28.11.2024

தனுஷாவுக்கு,

ஓட்டமாவடிக்கு அங்கால் பாதையில் வெள்ளம், பஸ் இல்லை. இதையும் கூட இருக்கும் பொதியையும் நிஸ்மியா கொண்டுவருகிறா. வாகரைப் பக்கத்துக் கர்ப்பிணிகளைப் பார்க்கப் போகும் மருத்துவமாது. உழவு இயந்திரத்தில் போகிறார்களாம். என்னையும் ஏற்றச் சொல்லிக் கேட்டேன். அவவுக்கும் மருந்துப் பெட்டிகளுக்கும்தான் இடம் என்றார்கள். ஆகவே இதை நீதான் செய்ய வேண்டும்.

பொதியில் ஜெலட்டின் இருக்கிறது. கேக்குக்குப் போடுகிறதுதான். ஒரு தேக்கரண்டியை ஒரு பெரிய கோப்பைத் தண்ணீரில் ஊறவைத்து, சுடுதண்ணீருக்குள் கோப்பையை வைத்துக் கரை. கொதிக்க விடாதே. ஊசி போடும் முன் தடவும் ஸ்பிரிட் சில துளி விடு, அப்போதுதான் இடுக்குக்குள் இறங்கும்.

பலகையைப் படுக்க வை. செதில் நிமிர்ந்த இடத்தில் நுனித் தூரிகையால் ஒரு துளி விடு. அதுவாகவே உள்ளே போகும். மேலே மெல்லிய வெள்ளைத் தாள் வை. பட்டத் தாள் வேண்டாம், சாயம் இறங்கும். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் தாள் ஐந்து வைத்திருக்கிறேன். அதன் மேல் மெழுகுத் தாள் வைத்து, வெந்நீரில் சூடாக்கிய கரண்டியின் முதுகால் அழுத்து. தேய்க்காதே. பிறகு அரிசி நிரப்பிய துணிப்பை ஒன்றை மேலே வைத்து இரண்டு நாள் விடு.

இனிச் சொல்வதைக் கவனி. நல்ல பூச்சு என்றால் இதற்குப் பயமில்லை. இது என் கெட்ட பூச்சு. தண்ணீர் பட்டால் இளகும். தாளை எடுக்கும்போது ஈரம் கூடினால் தாளோடு முகமும் வரும். ஈரம் போதாவிட்டாலும் வரும். நனைத்த பஞ்சைப் பிழிந்து, மூலையிலிருந்து, சோற்றுப் பருக்கை அளவு அளவாக எடு. வலது பக்கத்தில் தொடங்கு. அங்கே பூச்சு கொஞ்சம் தடிப்பு, தாங்கும். கை நடுங்கினால் நிறுத்திவிடு.

பிரட்லியை வரைய வேண்டாம். அவனுடைய படங்கள் எங்களிடம் இருக்கின்றன, ஒரு அல்பம் நிறைய. அன்று அது கொழும்பில் சின்னம்மா வீட்டில் இருந்தது. அதைத் திறக்கத்தான் இந்த வீட்டில் ஆளில்லை.

லில்லியன்

•

மாங்கேணி
03.12.2024

லில்லியனுக்கு,

நிஸ்மியா கடிதத்தைத் தன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தா. நனையவில்லை. போகும்போது திரும்பி வருவதாகச் சொன்னா, இதை அவவிடம்தான் கொடுக்கப் போகிறேன்.

நீ எழுதியபடியே செய்தேன். இரண்டு நாள் அரிசிப்பை ஏற்றி வைத்தேன். வெளியே மழை, கூரையில் ஒரு இடத்தில் ஒழுக்கு. பலகைக்கு மேல் குடையை விரித்துக் கட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

இன்று காலை தாளை எடுத்தேன். வலது பக்கம், நீ சொன்னதுபோல, தாங்கியது. நெற்றி ஒட்டிவிட்டது. மூக்கு, வாய், நாடி எல்லாம் அசையவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்தது, அந்தச் சந்தோஷத்தில்தான் கெட்டது. இடது பக்கம் வந்தபோது கை நடுங்கவில்லை. அதனால் நிறுத்தவில்லை. தாள் ஒரு மூச்சில் எழும்பியது. அதோடு இடது கண், கன்னம், காதோரம் எல்லாம் தாளில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். கண் அதிலிருந்து என்னைப் பார்த்தது. நான் கத்தியிருப்பேன் போல. பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்தது. தாளை மேசையில் வைப்பதற்குள் அது பொடியாக உதிர்ந்துவிட்டது.

வலப்பக்கம் முழு முகம். இடப்பக்கம் உள்ளங்கை அளவு வெறும் வெள்ளை, உன் பூச்சில் அடியில் மிஞ்சிய படை.

இனி நான் சொல்லப் போவதை உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். நொவெம்பரில்தான் கழலத் தொடங்கியது என்று எழுதினேன். பொய். புரட்டாதியிலேயே இடது கண்ணிமை விழுந்தது. நான் அந்த இடத்தில் பசை தடவி, நானாகவே ஒரு இமை வரைந்தேன். பிறகு கன்னத்தில் ஒரு துண்டு. அதையும் வரைந்தேன். ஈரத்துணியாலும் துடைத்தேன், நீ சொன்னது சரி. ஒரு நாள் அன்னப்பூரணியம்மா முகத்தைப் பலகையோடு வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் வேற மாதிரிக் கிடக்கு, என்னகா?" என்று கேட்டா. "வெளிச்சம் அப்பிடி அம்மா, மழை இருட்டு" என்றேன். "ஓம், என்ட கண்ணுதான்" என்றா. அவவுடைய கண்ணின் மேல் நான் பழி போட்டேன்.

உனக்குக் கடிதம் எழுதி உண்மையைக் கேட்டவள் நான்தான்.

சத்திரசிகிச்சைக்கு எட்டு நாள் இருக்கிறது. வெள்ளையின் மேல் ஒரு மெல்லிய பூச்சு அடித்து, வலப்பக்கத்தைப் பார்த்து இடப்பக்கத்தை வரைந்துவிடலாம். மூன்று நாள் போதும். அவவின் சின்ன மகள் கேதீஸ்வரியின் முகமும் இருக்கிறது, அக்காவும் தங்கையும் ஒரே சாயல்தானே. யாருக்கும் தெரியப்போவதில்லை. உனக்கும் எனக்கும் மட்டும்.

என்ன செய்ய?

தனுஷா

•

மட்டக்களப்பு
07.12.2024

தனுஷா,

வரையாதே.

நான் உனக்குப் புத்தி சொல்ல யார் என்று கேட்பாய். கேள். ஈர விரலை மடியில் துடைத்துவிட்டுப் பலகையை பஸ்ஸில் ஏற்றியவள்தான். அதனால்தான் சொல்கிறேன். அன்று துடைத்தது அரை நிமிடம்கூட இல்லை. அதற்குப் பிறகு ஐந்து மாதம் உன் பெயர் தொலைபேசியில் விழும்போதெல்லாம் எடுக்கத் தயங்கினேன். உனக்கு அது புரட்டாதியிலிருந்து. நம் இரண்டு பேருக்கும் இடையில் வந்த சத்தமெல்லாம் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

நீ வரைந்தால் அந்த அம்மா ஒவ்வொரு வருடமும் கேதீஸ்வரியின் கண்ணுக்கு விளக்கு வைப்பா. கண் தெளிந்த பிறகு நாலு அடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பா. கண்டுபிடிக்காவிட்டால் அது இன்னும் மோசம்.

ஜெலட்டின் தொட்டு வெள்ளையின் ஓரங்களை மட்டும் ஒட்டு, மிச்சம் கழலாமல் இருக்க. வேறு எதையும் தொடாதே. அவ வந்ததும் சொல். தயிர் என்னுடையது என்றும் சொல், மறைக்காதே. என் பெயரைச் சொல்.

நீ சொல்லாவிட்டால் பாதை திறந்ததும் நான் வந்து சொல்வேன். இதை மிரட்டல் என்று எடுத்தால் மிரட்டல்தான்.

லில்லியன்

•

மாங்கேணி
17.12.2024

லில்லியனுக்கு,

உன் கடிதம் பத்தாம் திகதி கிடைத்தது. அதற்கு முதல் நாளே நான் வெள்ளையின் மேல் பூச்சு அடித்துவிட்டேன். கண்ணின் கோட்டையும் கரியால் போட்டிருந்தேன். உன் மிரட்டலைப் படித்து ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடு எல்லாவற்றையும் துடைத்து எடுத்தேன். பூச்சு காயாததால் வந்துவிட்டது. கீழே இருந்த வெள்ளை கெடவில்லை.

பன்னிரண்டாம் திகதி மதியத்துக்குப் பிறகு கேதீஸ்வரி அம்மாவை ஓட்டோவில் கூட்டிவந்தா. அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தா. வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தா. "நீ இவ்வளவு கறுப்பா புள்ள!" என்றா. எனக்குச் சிரிக்க வரவில்லை.

படத்தைத் துணியால் மூடியிருந்தேன். இருங்கம்மா, முதலில் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். சொன்னேன். தயிர், அவசரம், நான் வரைந்த பொய் இமை, வெளிச்சத்தின் மேல் போட்ட பழி, தாளோடு போன கண், எல்லாம். உன் பெயரையும் சொன்னேன். கேதீஸ்வரி எழும்பி நின்றா. "அம்மாட கண்ணு தெரியாததால ஏமாத்தினீங்களா?" என்று கேட்டா. ஓம் என்றேன். "ஒவ்வொரு கிழமையும் வந்து வந்து பாத்தாவே, அப்பவும் வாயத் திறக்கல்லையே!" என்றா. அதற்கும் ஓம் என்றேன்.

அம்மா தானே எழும்பித் துணியை எடுத்தா.

நிறைய நேரம் பார்த்தா. முதலில் எட்ட நின்று, பிறகு பழக்கத்தில் மூக்கு முட்டக் குனிந்து, பிறகு குனியத் தேவையில்லை என்று நினைவு வந்து நிமிர்ந்து. வலது கண்ணையும் வாயையும் பார்த்து, "ஓம், ஓம்" என்றா. வெள்ளையின் மேல் விரலை வைத்தா.

நான் அழுதுகொண்டு, "நீங்க சொன்னா மறுபடி கீறுறன் அம்மா, எவ்வளவு நாளானாலும் இருங்க" என்றேன்.

"என்னத்தச் சொல்லுற?" என்றா. கதிரையில் இருந்தா. "இந்தப் பக்கம் எனக்கு அப்பவே தெரியாது புள்ள. அவள் எப்பவும் வலப்பக்கம்தான் என்னோட படுக்கிறவள். அந்தப் பக்க முகம்தான் உள்ளுக்க கிடந்துது. நீ மற்றப் பக்கத்தக் கேட்டுக் கேட்டு நிண்டாய். தெரியா எண்டு சொல்ல வெக்கமாப் போயிட்டுது. பெத்த புள்ளைட முகம் பாதி தெரியா எண்டு எப்பிடிச் சொல்லுற? கண்ணாடியில என்ட முகத்தப் பாத்து வந்து உனக்குச் சொன்னன்."

கேதீஸ்வரி அம்மாவின் காலடியில் இருந்துவிட்டா. 

"கீறாத," என்றா அம்மா. "அது கிடக்கட்டும்."

படம் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. மண்டபத்தில் மாட்டுவதா என்று சொல்லாமல் போய்விட்டா. கேதீஸ்வரி என்னோடு கதைப்பதில்லை. அது நியாயம்.

தனுஷா

•

மட்டக்களப்பு
21.12.2024

தனுஷாவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடி வாசித்தேன். பிறகு இருந்து வாசித்தேன்.

நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் இருபத்தாறாம் திகதி வரமாட்டேன். அன்று காலை எங்கள் தெருவில் பூசை இருக்கிறது, என் அம்மாவைத் தனியே விட முடியாது. அடுத்த நாள் வரவா? கேதீஸ்வரி கதவைச் சாத்தினால் வாசலில் நிற்பேன்.

மண்டபத்துக்கு முழுப் படமாகத்தான் வேண்டும் என்று சங்கத்து ஆட்கள் சொன்னால் சண்டை பிடிக்காதே. அது அந்த அம்மாவின் விருப்பம். அவ சொல்லட்டும்.

லில்லியன்

•

மாங்கேணி
27.12.2024

லில்லியன்,

இன்று வரவேண்டாம். நாளைக்கு வா. இன்று அன்னப்பூரணியம்மாவைத் தூங்க விடுவோம்.

நேற்று நடந்ததை நீ வருமுன் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் இதைக் காலை பஸ் நடத்துனரிடம் கொடுக்கிறேன்.

இருபத்தைந்தாம் திகதி பின்னேரம் அம்மாவே வந்தா. கேதீஸ்வரியும் வந்தா, என் முகத்தைப் பார்க்காமல் படத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தா, நான் மற்றப் பக்கம். மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். சங்கத் தலைவர் பார்த்துவிட்டு, "இது முடியல்லையே தங்கச்சி, இன்னும் ஒரு வருஷம் பொறுத்து மாட்டுவமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. "இது முடிஞ்சிட்டுது" என்றா. அவர் ஏணியை எடுத்து வந்தார்.

நேற்றுக் காலை சனம் நிறைந்திருந்தது. விளக்கு வைத்து முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் படத்துக்கு முன்னால் நின்றார்கள். யோகமலருக்குப் பக்கத்துச் சட்டத்தில் இருப்பது சீதேவிப்பிள்ளை என்பவரின் கணவர். பெரிய புகைப்படம், கலியாணத்தில் எடுத்தது, மீசையில் ஒவ்வொரு மயிரும் தெரியும். சீதேவிப்பிள்ளை கொஞ்சம் வாய்க்காரி.  அவ எங்கள் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டா:

"என்ன அன்னப்பூரணி, ஒரு பக்கம் வெள்ளையாக் கிடக்கு? கீறினவள் முடிக்காம விட்டுட்டாளா?"

 கேதீஸ்வரி அம்மாவின் கையைப் பிடித்தா. நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினா, வேண்டாம் என்று.

"அவள் முடிச்சிட்டாள். மற்றப் பக்கம் எனக்கு ஞாபகமில்ல" என்றா.

சத்தமாகத்தான் சொன்னா.  சீதேவிப்பிள்ளை தன் புருஷனின் படத்தைப் பார்த்தா, எங்கள் படத்தைப் பார்த்தா, மறுபடி தன் படத்தைப் பார்த்தா. அவவின் வாய் கோணியது. சண்டைக்கு வரப்போகிறா என்றுதான் நினைத்தேன்.

"எனக்கு அவர்ட குரல் ஞாபகமில்ல," என்றா. "மூணு நாலு வருஷமாத் தேடுறன். வரமாட்டெங்குது. ஒருத்தருக்கும் சொல்லல்ல."

அன்னப்பூரணியம்மா அவவைத் தன் பக்கத்தில் நிலத்தில் இருத்தினா. பிறகு பின்னாலிருந்து ஒரு ஆண், தன் மகன் எந்தக் கையால் சாப்பிடுவான் என்று தெரியவில்லை என்றார். யாரோ அழத் தொடங்கினார்கள். நாங்கள் எல்லோரும் நிலத்தில் இருந்தோம். மதியம் வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

தனுஷா